கையைத் தூக்கினால்

போன வாரம் பொன்னேரி ரோட்டில், முன்னால் போன ஒரு சைக்கிள்காரரைப் பார்த்து, "யோவ் சாவுகிராக்கி, ஓரமா போயேன்யா!" என்று கத்திவிட்டேன். ஸ்கூட்டரில் என் பின்னால் அண்ணி உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில், பசி, அவள் முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்க நேரமாகிவிட்ட எரிச்சல். சாக்கு சொல்ல எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணியின் கை என் தோளில் இறுகியது. அந்தக் கையில் இன்னமும் நண்டு வாசனை.

அந்த வாசனைக்காகத்தான் ஒரு காலத்தில் அவளைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்கள். "கூடைய இறக்கும்மா, நாறுது." நண்டுக் குழம்பு மட்டும் மணக்கும், கூடை நாறுமாம்! அண்ணன் போன பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் என்னையும் காப்பாற்றியது அந்தக் கூடைதான். பஸ்ஸில் ஏற்றாததால் அண்ணி ஒரு பழைய சைக்கிள் வாங்கினாள். ஓட்டப் பழக்கியவள் நான். அவள் விழுந்ததில் பாதி என் தப்பு. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பொன்னேரிச் சந்தைக்கு, ஈரச்சாக்கு மூடிய கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு தினமும் போய் வந்தாள்.

எங்கள் குப்பத்தை ஒட்டிய ஏரியைச் சுற்றிப் பார்க்க வரும் கார்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஒரே ஹாரன், ஒரே ஏச்சு. ஓரமாகப் போக வேண்டுமாம். ஓரம் எங்கே இருக்கிறது? தார் முடிந்தால் மணல். பாரத்தோடு சக்கரம் இறங்கினால் ஆள் குப்புற விழ வேண்டியதுதான். "நானும் ரோட்லதான் போறேன், அவங்க வூட்டு கூடத்துலயா போறேன்?" என்பாள் அண்ணி.

எங்கள் பக்கம் ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. கோல் ஊன்றிப் படகு தள்ளுகிறவர் கையைத் தூக்கினால், எஞ்சின் படகுக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு ஒதுங்கிச் சுற்றிப் போவார். எவ்வளவு பெரிய படகானாலும் சரி. ரோட்டுக்கும் அதுதான் நியாயம் என்று நம்பியவள் அண்ணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்ததும் கையைத் தூக்கினாள். முந்திப் போகச் சொல்கிறாள் என்று காரோட்டி எடுத்துக்கொண்டான். உரசித் தள்ளிவிட்டான்.

பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் வந்த நான் குதித்து ஓடினேன். ரோடெல்லாம் நண்டு. அண்ணியின் முட்டி கோணிக் கிடந்தது. காரை விட்டு இறங்கிய அந்தப் படுபாவி முதலில் தடவிப் பார்த்தது கார்க் கதவின் கீறலை! கூடிய கூட்டமாவது அவனைக் கேட்டதா? "சைக்கிளுக்கு இன்னாத்துக்கு நடு ரோடு?" என்றார் ஒருவர். எங்கள் குப்பத்து ஆள்தான். அதற்குப் பிறகு அண்ணி சைக்கிளைத் தொடவில்லை.

அந்த அண்ணியைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் நான் கத்தியிருக்கிறேன்.

"நிறுத்துடி. எஞ்சின அணை" என்றாள். அணைத்தேன். சத்தம் நின்றதும் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். வயதானவர். "நீங்க போங்க பெரியவரே" என்று அண்ணி கை காட்டினாள். சண்டைக்குத்தான் நிற்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, பதறி இறங்கி, சைக்கிளை மணலுக்குள் தள்ளிக்கொண்டு போய் நின்றார்.

"தப்புதாம்மா, நீங்க போங்க" என்று எங்களைக் கும்பிட்டார்.

அண்ணி காட்டிய கையை இறக்கிக்கொண்டாள். உங்கள் வீட்டுக் கூடத்திலா போகிறேன் என்று அந்தக் காலத்து அண்ணியைப் போலத் திருப்பிக் கேட்க, அந்த ரோட்டில் இப்போது ஒருவரும் இல்லை. ஸ்கூட்டரைக் கிளப்ப எனக்குக் கை வரவில்லை.