பன்னிரண்டாவது ஆட்டம்

ஜாபெஸ் தன்னுடைய பதினோராவது ஆட்டத்தைப் போனிலிருந்து அழித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயிலுக்குப் போய் வந்து, அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. ஏழு வாரம் உயிரைக் கொடுத்து விளையாடிய ஆட்டம். நாற்பதாவது லெவலுக்கு ஏறியிருந்தான். அழித்துவிட்டுப் போனைக் குப்புற வைத்தான்.

முந்தின நாள் அந்த ஆட்டத்தில் அவன் சேர்ந்திருந்த குழுவில் ஒருவன் ஹிந்தியில் எழுதியிருந்தான்: "மைக் கெட்டுப்போச்சுன்னு எத்தனை நாள் சொல்லுவே? அட்ரஸ் அனுப்பு. என்கிட்ட ஒரு ஹெட்போன் சும்மா கிடக்குது, கூரியர் பண்றேன்." நல்ல மனதோடு எழுதியதுதான். அதைத்தான் ஜாபெஸால் தாங்க முடியவில்லை.

முந்தைய பத்தும் இதே மாதிரிதான் முடிந்திருந்தன. புதிதாக ஒன்றை இறக்குவான். தனியாக விளையாடும்வரை ஒரு குறையும் இராது. இருபது லெவல் தாண்டினால் ஏதாவது ஒரு குழு வந்து கூப்பிடும். சேர்ந்த கொஞ்ச நாளில் யாராவது ஒருவர், "பாய், மைக் ஆன் பண்ணு" என்பார். மைக் ரிப்பேர் என்ற பொய் இரண்டு வாரம் தாங்கும், மூன்று வாரம் தாங்கும். அதற்குமேல் தாங்காது. வேறு ஆட்டத்துக்கு ஓடிவிடுவான். "இவன் ஒரு ஆட்டத்துலயும் நிலைக்க மாட்டான்" என்று பழைய கூட்டாளிகள் பேசிக்கொள்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும். நிலைக்க வேண்டும் என்று அவனைப் போல ஆசைப்பட்டவன் எவனும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஜாபெஸுக்குத் திக்குவாய். இருபத்தொன்பது வயதாகியும் தன் பெயரைத் தானே ஒரே மூச்சில் சொன்னதில்லை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் பிழைக்க வந்த தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது "பிரசென்ட் சார்" என்று சொல்ல வேண்டும். "பி" உதட்டைத் தாண்டாது. அவன் வாயைத் திறப்பதற்குள் சார் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நாலாம் வகுப்பில், முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே அறுபது நாள் ஆப்சென்ட் வாங்கினான்.

அம்மா சேசம்மாள் அவனுக்குப் பதிலாகப் பேசப் பழகியது அப்போதுதான். கடையில், ஆஸ்பத்திரியில், கோயில் வாசலில், எங்கே அவன் திக்கினாலும் மிச்ச வார்த்தையை அவள் முடித்து வைப்பாள். பிள்ளை முகம் சுருங்குவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாளடைவில் வீட்டில் அவன் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டான்.

வேலையும் வாய்க்கு வேலை இல்லாத இடமாகப் பார்த்துத்தான் பிடித்தான். செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். பின்னறையில் உட்கார்ந்து ரத்தம் எடுத்த சின்னக் குப்பிகளில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாலு வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டாவது ஆட்டத்தின் பெயர் அயர்ன் ஹார்பர். ஒரு துறைமுகத்துக்கு நாலு வாசல். ஐந்து பேர் சேர்ந்து எதிரிகள் உள்ளே நுழையாமல் காக்க வேண்டும். ஆட்டத்தில் அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மணல். "ம" மட்டும் அவனுக்குத் திக்காது. யாரிடமும் அந்தப் பெயரைச் சொல்லப் போவதில்லை என்றாலும் சொல்ல முடிகிற பெயராகத்தான் தேடினான்.

அங்கே கிங் சர்க்கிள் என்ற ஒரு குழு அவனைக் கூப்பிட்டது. சேர்ந்த அன்று காதில் ஹெட்போனை மாட்டியவன் அசந்துபோனான். எல்லோரும் தமிழ். தலைவி சுனிதா, கோபர்கைரனேயில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்காரரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஆட வருவாள். சைஃப், குர்லாவில் கார் சீட் கவர் தைக்கும் பட்டறையில் இருப்பவன். சண்டைக்கு நடுவே, "ஏ சைஃப், எங்கல போய்த் தொலைஞ்ச?" என்று அவள் கத்துவதும், "அக்கா, ஒரு மினிட், சேட்டு கூப்பிடுதாரு" என்று அவன் கெஞ்சுவதும் ஜாபெஸுக்குத் தன் வீட்டுச் சந்தில் நிற்பது போல இருந்தது. துறைமுகத்தின் நாலு வாசலுக்கும் தாங்கள் போய்வரும் ரயில் ஸ்டேஷன்களின் பெயரையே, குர்லா, சயான், வடாலா, வாஷி என்று வைத்திருந்தார்கள்.

ஜாபெஸ் கலங்கரை விளக்கின் மேல் நின்று எதிரி வரும் வாசலைப் பார்த்து, வரைபடத்தில் விரலால் தொட்டு அடையாளம் போடுவான். அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு படகு வந்ததில்லை. அதனால் அவன் மைக்கைப் பற்றி யாரும் நச்சரிக்கவில்லை. "மணல் பாய் இருந்தா பயமே இல்ல" என்று சைஃப் சொல்வான். அதைக் கேட்பதற்காகவே ஜாபெஸ் வாரம் முழுக்கக் காத்திருந்தான். மூன்று மாதம் ஓடியது. இவ்வளவு நாள் அவன் எதிலும் நின்றதில்லை.

பிறகு இரண்டு அடி ஒரே வாரத்தில் விழுந்தது.

லேப்பில் முன்கவுன்ட்டர் பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். மேனேஜர் மேடம் ஜாபெஸைக் கூப்பிட்டு, நாளை முதல் நீ உட்கார் என்றார். நோயாளிகளின் பெயரைப் பட்டியல் பார்த்து உரக்கக் கூப்பிட வேண்டும். முடியாது என்று சொல்லவும் வாய் வேண்டுமே. தலையாட்டிவிட்டான்.

மறுநாள் பட்டியலில் மூன்றாவது பெயர் பூலோகம். எழுபது வயதுப் பெரியவர், சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். ஜாபெஸ் உதட்டைக் குவித்தான். பூட்டுப் போட்டது போல நின்றுவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரித்த மாதிரி இருந்தது. அவன் அடுத்த பெயருக்குத் தாவினான். அப்புறம் கூப்பிடலாம், அப்புறம் கூப்பிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். வாய்க்கு வந்த பெயர்களை எல்லாம் கூப்பிட்டான். "பூ" மட்டும் வரவில்லை. பதினொரு மணிக்குப் பெரியவர் நாற்காலியிலிருந்து அப்படியே முன்னால் சரிந்தார்.

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார்கள். கண்ணைத் திறந்தவர், "எம்பேரு வரலியா தம்பி?" என்றுதான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் ஜாபெஸ் தாங்கியிருப்பான். மேனேஜர் மேடம் எல்லோர் முன்னாலும், "கண்ணு தெரியலையா உனக்கு? லிஸ்ட் பாக்கத் தெரியாதா?" என்று ஹிந்தியில் வெளுத்து வாங்கினார். கண் தெரியவில்லை என்றே இருக்கட்டும் என்று அவன் குனிந்து நின்றான்.

அன்று சாயங்காலம் குர்லாவில் வண்டி மாற நின்றபோது சுனிதாவின் செய்தி வந்தது. கிங் சர்க்கிள் மேல் பிரிவுக்குப் போய்விட்டது. அங்கே வரைபடத்தில் அடையாளம் போட முடியாதாம், வாயால்தான் சொல்ல வேண்டுமாம். "இனிமே மைக் இல்லாம முடியாது மணல். நீங்க பொண்ணா இருந்தாலும் சரி, வயசானவரா இருந்தாலும் சரி, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஞாயிற்றுக்கிழமை பேசுங்க."

பிளாட்பாரத்தில் கூட்டம் அவனை இடித்துக்கொண்டு ஏறியது. இதே குர்லாவில் ஏதோ ஒரு பட்டறையில் சைஃப் தைத்துக்கொண்டிருப்பான். ஜாபெஸ் அங்கேயே நின்று அயர்ன் ஹார்பரை அழித்தான்.

வீட்டுக்கு வந்து பதின்மூன்றாவது ஆட்டம் ஒன்றை இறக்கினான். பயிற்சிப் பகுதியில் ஒரு பொம்மை ஓடு என்றது, குதி என்றது. ஓடினான், குதித்தான். இதிலும் இருபது லெவல் வரும். இதிலும் ஒருவன் மைக் கேட்பான். அப்புறம் பதினான்கு. பின்னறையிலிருந்தும் துரத்திவிட்டார்கள், இனி எங்கே ஓடுவது? நாற்பது வயதிலும் இப்படிப் போனைக் குப்புற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறோமா? சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, போர்வையின் நுனியைப் பல்லால் கடித்தபடி அழுதான். சேசம்மாள் பார்த்துவிட்டாள்.

"எய்யா, என்ன செய்யுது?"

"வ..." என்றான்.

"வயிறு" என்று அவளே முடித்துக்கொண்டு, சுக்கு தட்டப் போனாள்.

வெள்ளிக்கிழமை அயர்ன் ஹார்பரைத் திரும்ப இறக்கினான். அவன் பெயர் குழுவில் அப்படியே இருந்தது. சயான் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் குர்லா, சயான், வடாலா, வாஷி என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். தனியாகச் சொன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். "எந்த ஊருக்குடா போகப்போற?" என்று அம்மா கேட்டாள்.

ஞாயிறு நாலு மணி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மைக்கைத் திறந்தான்.

"மணல் மைக் ஆன்!" என்று சைஃப் கூவினான். "பாய், பேசுங்க பாய்!"

"ந... ந... ந..."

"அக்கா, பாயோட நெட் கட்டாகுது."

"ஆமா," என்றாள் சுனிதா. "மணல், வெளிய வந்து திரும்ப கனெக்ட் பண்ணுங்க. குரல் விட்டு விட்டு வருது."

பொய்யை அவர்களே தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். ஆமாம், நெட் சரியில்லை என்றால் போதும். இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிடலாம். அதற்குப் பிறகு? லேப்பில் பெரியவர் சரிந்து விழுந்தது கண்ணில் வந்தது.

"நெ... நெட் இல்ல," என்றான். "நா... நான்தான். எனக்கு... தி... தி... திக்கும்."

சுனிதா வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கேட்டது. அப்புறம் குழுவில் இருந்த கண்ணா என்பவன், "தி... தி... திக்குமா?" என்று சொல்லிச் சிரித்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே சிரிப்பு. ஜாபெஸின் கட்டை விரல் வெளியேறும் பொத்தானுக்குப் போனது. அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

முதல் இரண்டு படகையும் சொல்லிவிட்டான். லேட்டாகத்தான், ஆனாலும் சொன்னான். மூன்றாவது பெரிய படை, வடாலா வாசலுக்கு வந்தது.

"வ... வ... வ..."

"எங்க பாய்? எங்க?"

"வ... வ..."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சேசம்மாளால் பொறுக்க முடியவில்லை. பிள்ளையின் முகம் ரத்தமாகச் சிவந்து கிடக்கிறது. இரண்டு நாளாக அவன் முணுமுணுத்த பேர்களில் ஒன்றை எடுத்து, "வாஷி! வாஷியாம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டாள்.

நாலு பேரும் வாஷி வாசலுக்கு ஓடினார்கள். எதிரிகள் வடாலா வழியாக நிதானமாக உள்ளே வந்தார்கள். ஒரே நிமிஷத்தில் துறைமுகம் போயிற்று.

ஜாபெஸ் எழுந்து நின்றான். மைக் திறந்திருப்பதையே மறந்துவிட்டான்.

"எ... எம்மா! எனக்குப் ப... ப... பதிலா நீ பேசாத! எ... எவ்வளவு நேரம் ஆனாலும் பே... பேசாத! நான் செ... செத்தா போயிருவேன்?"

சேசம்மாள் கையில் கீரைத் தண்டோடு அப்படியே இருந்தாள். அவன் இத்தனை வார்த்தையைச் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. முந்தானையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அவளை அழவைத்துவிட்டது அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த வார்த்தைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

ஹெட்போனில் கண்ணா கத்திக்கொண்டிருந்தான்: "இந்த ஆளை வெச்சுக்கிட்டு மேல் பிரிவுல ஆட முடியாது. அவன் இருந்தா நான் இல்ல."

"அப்ப நீ இருக்காண்டாம்," என்றான் சைஃப்.

சுனிதா மறுநாள் எழுதினாள். அவள் சுற்றி வளைக்கிறவள் இல்லை. கண்ணாவைச் சிரித்ததற்காகத் திட்டிவிட்டதாகவும், ஆனால் மேல் பிரிவில் அரை நொடி தாமதமும் தோல்விதான் என்பதால் மணலை இரண்டாம் அணியில் போடுவதாகவும் எழுதியிருந்தாள். "உங்களுக்குப் பாவம் பாத்து இடம் குடுத்தா அது உங்களுக்கு மரியாதை இல்ல. போயிராதீங்க."

படித்தபோது வலித்தது. அணைக்கப்படாத அடுப்பு மாதிரி நாள் முழுக்க உள்ளே எரிந்தது. அன்று லேப்பில் மேனேஜர் மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்று, தனக்குத் திக்குவாய் என்றும், அதனால்தான் பெரியவரைக் கூப்பிடவில்லை என்றும் ஹிந்தியில் சொல்லி முடிக்க மூன்று நிமிஷம் ஆயிற்று.

"நாலு வருஷமா தெரியும்," என்றார் அவர். "கவுன்ட்டர்ல உட்கார வெச்சா சரியாயிடும்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "பேரு வாயில வரலைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

மாத முடிவில் புது ஆள் வரும்வரை கவுன்ட்டரில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாயில் வராத பெயர்களுக்கு அவன் பெயர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய், நாற்காலி நாற்காலியாகக் காட்டிக் கேட்டான். சிலர் எரிச்சல்பட்டார்கள். பூலோகம் பெரியவர் அதற்குப் பிறகு அந்த லேப்புக்கு வரவே இல்லை.

இரண்டாம் அணியில் எல்லோரும் கற்றுக்குட்டிகள். ஜாபெஸ் வாசல் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் செத்துவிடுவார்கள். எட்டு வாரத்தில் இரண்டு முறைதான் ஜெயித்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்ததும் அழித்துவிடலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றும். திங்கள்கிழமை அந்த ஆட்டம் போனில்தான் இருக்கும். நாலு மணி ஆனால் சேசம்மாள் கீரையையோ அரிசியையோ எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். உள்ளே அவன் ஒரு எழுத்தில் நின்று மல்லாடுவது சந்து முழுக்கக் கேட்கும். "என்னக்கா, புள்ளைக்கு என்ன?" என்று இசக்கிசெல்வி பதறினால், சேசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "பேசுதான். பேசட்டும்" என்பாள்.