அக்கா பேசறேன்

அந்த வேளாண்மை உதவி அலுவலருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அலுவலகத்தில் அவள் நாற்காலியில் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். வயல், நாற்றங்கால், உரக்கடை என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைவாள். "இவ வீட்டுக்கு வர்றது ஸ்கூட்டருக்கு ஓய்வு குடுக்கத்தான்" என்பார் கணவர்.

அப்படிப்பட்டவளின் குரலை ஒரு விதைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. அரசும் கம்பெனியும் கைகோத்துத் தொடங்கிய திட்டம். ஆலோசனை துறையுடையது, அதை அவள் குரலில் பதிவுசெய்து எல்லா விவசாயிகளின் போனுக்கும் அனுப்புவது கம்பெனியின் வேலை. "வணக்கம் தம்பி, அக்கா பேசறேன்" என்று தொடங்கினால் ஒட்டுதலாக இருக்கும் என்றார் கம்பெனி மேலாளர். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு வணக்கத்துக்கும் ஆலோசனைக்கும் நடுவில் கம்பெனி விளம்பரம் நுழைந்து, நாளுக்கு நாள் நீண்டது. சாப்பிட உட்கார்ந்தால் போன், குளிக்கப் போனால் போன். எடுத்தால் அக்கா. அவள் குரல் கேட்டதும் போனை வைக்க ஊரே பழகிவிட்டது. மேலாளரிடம் சண்டைக்குப் போனாள்.

"விளம்பரம் இல்லேன்னா நாங்க எதுக்கும்மா இதுல இருக்கோம்?" என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

ஒரு பிற்பகல், வாய்க்காலின் தலைப்பில் இருந்த தக்காளி வயலில் செடிகள் பச்சை மாறாமலே தொங்கிக் கிடந்தன. ஒரு தண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் நிறுத்திப் பார்த்தாள். வெட்டுவாயிலிருந்து பால்போல ஏதோ நூலாக இறங்கியது. வாடல் நோய். மருந்து கிடையாது. அன்று மாலை வாய்க்காலில் தண்ணீர் விடும் முறை. அது இந்த வயலில் பாய்ந்து வழிந்து, கீழே இருக்கும் தக்காளிக்கெல்லாம் நோயைக் கொண்டுபோகும். கீழே அவள் தம்பியின் வயலும் இருந்தது. அவள் பேச்சை நம்பித்தான் கம்பிக்கடை வேலையை விட்டுவிட்டு இருந்த நிலம் முழுக்கத் தக்காளி போட்டிருந்தான்.

தண்ணீரை நிறுத்த மதகுக்காரர் மேலிடத்து உத்தரவு கேட்டார். மேலிடம் போனை எடுக்கவில்லை. 'உடனே மடையை அடைங்க' என்று பேசிப் பதிவுசெய்து அனுப்பினாள். எல்லாருக்கும் போனது, விளம்பரத்துக்குப் பின்னால்.

வழியில் ஒரு விவசாயியை நிறுத்தி, "போன் வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சும்மா, வச்சுட்டேன். இந்தத் தடவ என்ன விதை?"

ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டு வரப்பு வரப்பாக ஓடினாள், கத்தினாள். சிலர் மண்வெட்டியோடு மடைக்கு ஓடினார்கள். தம்பி வயல் மறுகோடியில். சொந்த போனில் சார்ஜ் இல்லை. கம்பெனி கொடுத்த போன் இருந்தது, பதிவுக்குரல் போகிற அதே எண். அதில் கூப்பிட்டாள்.

"தம்பி, அக்கா பேசறேன்..."

வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவே இல்லை. பாவி, கூடப்பிறந்தவனுமா!

அவள் போய்ச் சேர்ந்தபோது பாத்தியெல்லாம் தண்ணீர். தம்பி மண்வெட்டியில் சாய்ந்து, நிறைந்த மனசோடு பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் செத்துப்போனது. பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இவ்வளவு பெரிய விஷயம்... ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாக்கா?"