கிளவுஸ் அக்கரையில் இருக்கிறது

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பழவேற்காடு படகுத்துறையில் ஒரு ஜோடி பாக்ஸிங் கிளவுஸுக்காகக் காத்து நின்றேன். தலையில் துண்டு, காலில் ஷூ. பக்கத்தில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கோசரம் நிக்கிற?" என்று கேட்டார்.

"கிளவுஸுக்காக" என்றேன்.

அவர் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு என் உடம்பின் வரலாறு தெரியும். சுகர். மூட்டு வலி. டாக்டர் வாக்கிங் போகச் சொன்னார். மீஞ்சூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நடந்தால் சுகர் குறைவதற்குள் ஆளே குறைந்துவிடுவோம் — விட்டுவிட்டேன். யோகா சேர்ந்தேன். சவாசனத்தில் குறட்டை விட்டு மற்றவர்களின் நிம்மதியைக் கெடுப்பதாகப் புகார் வந்தது. அதையும் விட்டேன்.

பாக்ஸிங் எங்கே வந்தது? நண்டு வாங்கப் போன இடத்தில் வந்தது.

படகுத்துறைக்குப் பக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறது. உள்ளேயிருந்து தொம் தொம் என்று சத்தம். எட்டிப் பார்த்தால்... சுடிதார், நைட்டி, முழங்கால் வரை தூக்கிச் செருகிய புடவை என்று பத்துப் பதினைந்து பெண்கள். உத்தரத்திலிருந்து ஒரு சாக்கு மூட்டை தொங்குகிறது. உள்ளே கிழிந்த வலைத் துண்டுகளை அடைத்திருக்கிறார்கள். அதை ஒருத்தி வெளுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். சொல்லிக்கொடுப்பவர் நஸ்ரின், உள்ளூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், கல்லூரி நாட்களில் பாக்ஸிங் போட்டிகளுக்குப் போனவர். "பாத்துட்டே நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றார். போனேன்.

"யாரை அடிக்கப் பழகுறே?" என்று வீட்டில் கணவர் விசாரித்தார். குரலில் லேசான கவலை தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

சுகர் குறைந்ததா? அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தூக்கம் வருகிறது. ஒரு வாரம் முழுக்கச் சொல்லாமல் விழுங்கிய பதில்களையெல்லாம் அந்த மூட்டையிடம் சொல்லிவிட்டு வந்தால் மனசு லேசாகிவிடுகிறது. யாரை நினைத்துக் குத்துகிறாய் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த நாகரிகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாக்ஸிங்கில் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்துப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மீன் வியாபாரம் செய்யும் அமுலுவுக்கு மட்டும் அது வரவே வராது. இரண்டு காலையும் அகட்டி நேராகத்தான் நிற்பாள். நஸ்ரின் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார். அடுத்த குத்துக்குள் பழையபடி திரும்பியிருப்பாள். "போட்டுல இப்டி ஒருக்களிச்சு நின்னா கவுந்துடுவோம் மிஸ்ஸு" என்பாள். நஸ்ரின் மறுபடியும் தோளைப் பிடிப்பார்.

அமுலுதான் அங்கே முறை வைப்பவள். ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களை அந்த ஊர்க்காரர்கள் முறை வைத்துத்தான் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். இன்று உங்கள் பாடு என்றால் அந்த இடத்தில் நீங்கள்தான் வலை கட்டலாம். நீங்கள் வரவில்லையா? இடம் சும்மா கிடக்கும். வேறு யாரும் கை வைப்பதில்லை. மூட்டை ஒன்று, கிளவுஸ் ஒரு ஜோடி என்று இருக்கும் கிளாஸுக்கும் அமுலு அதே சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டாள். குத்தி முடித்தவர் அடுத்தவர் கையில் கிளவுஸைக் கொடுக்க வேண்டும். தரையில் வீசிவிட்டுப் போகக் கூடாது.

எனக்கு முந்தைய முறை தேசம்மாவுடையது. ஏரிக்கு அக்கரையில் இருக்கும் குப்பத்துக்காரி. அங்கிருந்து வர ரோடு கிடையாது, படகுதான். இறாலை இக்கரைக்குக் கொண்டுவந்து விற்றுப் பிழைப்பவள், குத்துவதிலும் கெட்டிக்காரி. அவள் திடீரென்று வராமல் நின்றுவிட்டாள்.

இறால் விற்றுவிட்டுத் திரும்பும்போது காற்றில் படகு கவிழ்ந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்றால் மார்பளவு தண்ணீர், அவ்வளவுதான். எல்லோரும் நனைந்த கோழியாக நடந்து கரையேறிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். தேசம்மா மட்டும் கொஞ்ச நேரம் படகுக்கு அடியில் வலையில் சிக்கியிருந்தாள். அதற்குப் பிறகு படகில் கால் வைக்கவே முடியவில்லை. வியாபாரம் நின்றது, வெளியே வருவதும் நின்றது. மீன்காரப் பெண்ணுக்குத் தண்ணீரைப் பார்த்துப் பயமா என்று குப்பமே கேலி பேசியது. ஆள் செத்திருந்தால் அழுதிருப்பார்கள். பிழைத்து வந்து பயந்தால் சிரிக்கிறார்கள். நாம் எல்லோருமே இப்படித்தான் இல்லையா?

ஒவ்வொரு ஞாயிறு கிளாஸிலும் தேசம்மாவின் முறை வரும். மூட்டை சும்மா தொங்கும். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். எனக்கோ பஸ் பிடிக்க வேண்டும். "சும்மாத்தானே தொங்குது, நான் ரெண்டு குத்திக்கட்டுமா?" என்றேன் ஒருநாள்.

"அது தேசம்மா பாடுக்கா" என்றாள் அமுலு. கோபமெல்லாம் இல்லை. ஆனால் பேச்சு முடிந்துவிட்டது.

கடைசியில் நஸ்ரின்தான் ஸ்டூல் போட்டு ஏறி மூட்டையை அவிழ்த்தார். "அவ வரலைனா நாம போலாம்." நான்கு பேர் சேர்ந்து மூட்டையைப் படகில் ஏற்றினோம். படகோட்டி, "இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார். அவர் சிரிக்காததால் கேலியா நிஜமா என்று தெரியவில்லை.

அக்கரையில் தேசம்மா வீட்டு வாசலில் ஒரு பூவரச மரம். மூட்டையை அதில் கட்டினோம். தேசம்மா இளைத்துப்போயிருந்தாள். "இத்த இன்னாத்துக்குத் தூக்கினு வந்தீங்க?" என்று முதலில் முறைத்தாள். பிறகு கிளவுஸை வாங்கி மாட்டிக்கொண்டாள். மெதுவாக ஆரம்பித்தது வேகம் பிடித்தது. மரமே ஆடியது. குத்திக்கொண்டே அழுதாள்.

"தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்தேங்க்கா. ஒண்ணியும் தெரில. அவ்ளோதான்னு நென்ச்சேன். வெளிய வந்தா... எல்லாம் சிரிக்கிறாங்க."

நஸ்ரின் மூட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

முடித்ததும் கிளவுஸைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள். அடுத்தது நான்தானே. கை நீட்டினேன். அமுலு குறுக்கே வந்தாள். "அக்கா பாடு இங்க இல்ல, அங்கதான். ஞாயித்துக்கெழம நீயே எட்த்துனு வந்து குடு." மூட்டையை மட்டும் எங்களைத் தூக்கவைத்துக் கிளம்பிவிட்டாள்.

படகில் எனக்குக் கோபம் வந்தது. "அவளால படகுல ஏறவே முடியலை. அவ தலையில போய் இதைக் கட்டிட்டு வரியே, இது நியாயமா?" என்று அமுலுவைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ வா வான்னு கூப்ட்டா வர மாட்டாக்கா. அவளுக்கோசரமும் வர மாட்டா. ஆனா அடுத்தவ பாட்டக் கெடுத்தாள்னு பேரு வாங்க மாட்டா."

"வரலைன்னா?"

அமுலு தண்ணீரைப் பார்த்தாள். "வரலைனா நான் பண்ணது தப்பு."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அமுலுவின் கணக்கு தப்பினால், இருக்கிற அவமானத்தோடு இன்னொன்றும் அல்லவா தேசம்மாவுக்குச் சேரும்? அதுவும் என் பெயரால்.

ஆகவேதான் ஞாயிறு காலை படகுத்துறை. மோட்டார் படகு ஒன்று வந்தது, அவள் இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் இல்லை. அமுலு வியாபாரத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து அக்கரையைப் பார்த்தாள்.

வெயில் ஏறிய பிறகு, தூரத்தில் மோட்டார் இல்லாத சின்னப் படகு ஒன்று தெரிந்தது. ஒரு பெரியவர் கழி ஊன்றித் தள்ளி வந்தார். தேசம்மாவின் அப்பா; அவளுக்கு நைனா. அவர் காலடியில், படகின் அடித்தட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். கண்ணை இறுக மூடியிருந்தாள். ஒரு கை நைனாவின் லுங்கியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையால் கிளவுஸை மார்போடு அணைத்திருந்தாள்.

"வந்துடுச்சும்மா, எறங்கு" என்றார் அவர். எனக்கு முன்னால் அமுலு தண்ணீரில் இறங்கி ஓடினாள். தேசம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். தானே இறங்கினாள். கரையேறி ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராக என்னிடம் வந்தாள்.

"இந்தாக்கா. லேட்டாயிடுச்சு."

நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிற நேரத்தில் வாய் சும்மா இருக்குமா? அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "பயம் போயிடுச்சா தேசம்மா?"

"எங்க போவும்? அதுவுந்தான் போட்டுல கூட வந்துச்சு" என்றாள். "நீ சீக்கிரம் மாட்டுக்கா. ஒனக்குப் பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."