இடப்பக்கமே போன ஒட்சிசன்

போர் முடிந்து, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான நறுவிலிக்குளத்துக்குத் திரும்பிய இரண்டாம் வருடம் அது. கையில் இந்தியப் பட்டம் இருந்தும் எனக்கு வேலை அமையவில்லை. இனியும் கிடைக்காவிட்டால் மறுபடி கடல் தாண்டி அக்கரைக்கே போவோம் என்று வீட்டில் பேச்சு எழுந்திருந்தது. எனக்கோ ஊரை விட மனமில்லை.

எருக்கலம்பிட்டிக்கு அருகே ஒரு பள்ளியில் இரசாயனவியல் ஆசிரியை தேவை என்றார்கள். போனேன். விருப்பமான பாடத்தில் மாதிரி வகுப்பு ஒன்று எடுக்கச் சொன்னார்கள். தகரக் கொட்டகை, மாட்டச் சுவர் இல்லாததால் கரும்பலகை ஒரு கதிரையில் சாய்ந்திருந்தது. எதிரே அதிபரும், விஞ்ஞானம் படிப்பிக்கும் என் வயதுப் பெண் ஒருவரும். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, அப்போதுதான் ஊர் திரும்பியவர் அவர்.

தமிழ்நாட்டில் ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். வாய் தவறிவிடக் கூடாதே என்பதுதான் என் பயமெல்லாம். பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரட்டைப் பிணைப்பில் மூன்று ஒட்சிசன் கொண்ட ஓசோன் சேர்ந்து ஒரு வளையம் உண்டாகும். அது நிலைக்காமல் இரண்டாக உடையும். ஒரு துண்டுக்கு ஓர் ஒட்சிசன், மற்றதற்கு இரண்டு. அந்த இரண்டு ஒட்சிசனையும் இடப்பக்கத் துண்டுக்குக் கொடுத்து வரைந்தேன்.

“ரீச்சர், ரெண்டும் ஏன் அந்தப் பக்கம் போகுது?” என்றார் அவர்.

“எப்பவும் இடது பக்கந்தாங்க போகும்.” என் கல்லூரிக் குறிப்பேட்டில் எல்லாப் படமும் அப்படித்தான் இருந்தது.

அவர் எழுந்து வந்து பலகையின் ஒரு மூலையைப் பிடித்தார். “மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ.” இருவருமாக அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தோம்.

“இப்ப எங்கால பக்கம் போகும்?”

முகம் சுட்டது. மூலக்கூறுக்கு இடம் ஏது, வலம் ஏது! எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். முகாமின் வரிசை வீடுகள் கண்ணுக்குள் வந்துபோயின.

“தெரியலைங்க. இத்தனை வருஷமா யோசிச்சதே இல்ல,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “எனக்கும் புத்தளத்தில ஒரு புள்ள கேட்டுத்தான் தெரிய வந்தது. நேர் மின்னேற்றத்தை நல்லாத் தாங்கக்கூடிய துண்டுக்குத்தான் ரெண்டும் போகும். மெதைல் கூட்டம் கூடின பக்கம். அதுவும் எப்பவும் இல்ல, பெரும்பாலும்.” பிறகு அதிபரைப் பார்த்து, “இவவை விடாதீங்கோ சேர். பலகை தூக்க எனக்கும் ஆள் வேணும்,” என்றார்.

அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குச் சேர்ந்தேன்.

இப்போது பள்ளிக்குச் சுவர் இருக்கிறது. பலகையைத் திருப்ப முடியாது. அதனால் ஓசோன் பாடம் வரும்போதெல்லாம் படத்தை ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் வரைகிறேன். தெரியாது என்று அன்று சொன்ன ஒரு சொல்தான் என்னை இந்த ஊரிலேயே இருக்க வைத்தது என்று ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துபோகிறது.