லைட்டக்கா

எங்கள் பொம்மைக் கடைக்குள் கால் வைக்காதவர்களுக்குக்கூட லைட்டக்காவைத் தெரியும். தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முக்காலியில், கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை உட்கார்ந்திருப்பார். வேலை, விளையாடுவது. சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாடுகிற ஒரே ஆள் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார்.

அவர் விளையாடுகிற அந்த லைட் பொம்மையை, சின்ன வயதில் வைத்திருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குட்டி டிவி அளவில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு குண்டு பல்பு. முன்பக்கம் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். அதன்மேல் கறுப்புத் தாளைச் செருகிவிட்டு, கலர் பிளாஸ்டிக் குச்சிகளை ஒவ்வொன்றாகக் குத்தினால் குத்தின இடமெல்லாம் எரியும். சிவப்புக் குச்சி சிவப்பாக, பச்சை பச்சையாக. படம் முடிந்ததும் குச்சிகளைப் பிடுங்கிவிட்டு வேறு தாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதற்கு மயங்காத குழந்தையை நான் பார்த்ததில்லை.

குழந்தைகளுக்குப் படம் நேராகத் தெரியவேண்டும் என்பதால், பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்து, பின்னாலிருந்து எட்டி எட்டித் தலைகீழாகக் குத்துவார் அக்கா. பில் போடுகிற இடத்திலிருந்து எனக்கு அவர் முதுகும், அதற்கப்பால் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு நிற்கும் முகங்களும்தான் தெரியும். ஒரு முகம் சிவப்பு, ஒரு முகம் மஞ்சள். வாய் அசையும், சத்தம் வராது. "அக்கா, ரயில் போடுங்க" என்று கத்துகிறார்கள் என்பது உதட்டைப் பார்த்தாலே தெரியும். நாள் முழுக்க ஊரே பார்க்க உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருத்தரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போகிற பிழைப்பு. நானாக இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. சாப்பாட்டு வேளையில் அவர் வாயைக் கிளறுவேன்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்கக்கா?"

"நானும் ஃபேனும். அது கொஞ்சம் சத்தம் போடும். நான் போடமாட்டேன்."

ஒரு தங்கை இருக்கிறாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் வெளியே வந்தது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் அக்கா ஒண்டியாகப் பார்த்திருக்கிறார். தங்கை கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா போன அன்று வந்து நின்று "அக்கா" என்று அழுதிருக்கிறாள். இவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, சொந்தக்காரர்கள் முன்னால் வைத்து, "இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாத" என்று சொல்லிவிட்டார்.

"அவளும் அன்னிலேர்ந்து கூப்பிடல" என்றார் அக்கா, டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. "சொன்ன பேச்சு கேக்காத கழுதை. இந்த ஒண்ண மட்டும் கேட்டுட்டா."

"நீங்களே போய்ப் பேசுங்களேன்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

அக்காவுக்கு வீம்பு அதிகம். தங்கைக்கு அதற்குமேல் என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. எதிர் மாடியில் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடக்கும். ஒரு சனிக்கிழமை அங்கிருந்து இறங்கி வந்த ஒரு சிறுமி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டாள். கூட வந்த அம்மா கொஞ்சம் தள்ளி, கடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். அக்காவின் கை குச்சியோடு அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்ததும், இவள்தான் அந்தத் தங்கை என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கதை. குழந்தை கண்ணாடியில், அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு. உள்ளே இருப்பது யார் என்று தெரியாமலா அப்படி நின்றாள்? தெரிந்துதான், குழந்தை பார்த்து முடிக்கும்வரை நின்றாள். அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. மற்ற நாளில் மளமளவென்று குத்தித் தள்ளுகிற மீனை, சனிக்கிழமை செதில் செதிலாக இழுப்பார். பாதி மீனில் பெட்டியை அணைத்துவிட்டால், வாலைப் பார்க்க அடுத்த வாரமும் வந்துதானே ஆகவேண்டும்.

"ஊரே என்னை அக்காங்குது" என்றார் ஒருநாள், தானாகவே. "கூடப் பொறந்தவ வாயால ஒரு தடவ கேட்டாப் போதும்."

 நான் என் டப்பாவிலிருந்த ஊறுகாயை அவர் பக்கம் தள்ளினேன்.

இந்த நேரம் பார்த்து மானேஜருக்கு யோசனை பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் பெரிய டிவி வைத்து விளம்பரம் ஓட்டலாமாம். அக்காவைக் கீழே, மண்ணுக்கடியில் இருக்கும் ஸ்டாக் ரூமுக்குத் தள்ளினார்கள். அக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். நான்தான் சண்டைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. குழந்தை ஓடி வந்து, டிவியைப் பார்த்து, அதன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா திரும்பினாள். அன்றுதான் அந்த முகத்தை முழுசாகப் பார்த்தேன். அக்காவின் அதே மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தாள்.

"குச்சி குத்தற லைட் பொம்மை இருக்கா?"

ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனை எடுத்துக் கீழே கூப்பிட்டு, "லைட் பொம்மை ஒண்ணு மேல கொண்டு வாங்கக்கா" என்றேன். யாருக்கு என்று மூச்சுவிடவில்லை.

தலையெல்லாம் தூசியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கடைசிப் படியில் நின்றுவிட்டார். நான் விடுவேனா?

"எரியுதான்னு டெஸ்ட் பண்ணிக் காட்டுங்கக்கா. கரன்ட் சாமான், அப்படியே குடுக்கக் கூடாது."

அக்கா பிளக்கைச் செருகினார். தாளைச் செருகினார். குழந்தை மேஜையில் மோவாயை வைத்துக்கொண்டு, "மீன்" என்றாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு மீன் போட ஆரம்பித்தார். தங்கை அட்டைப்பெட்டியின் நாலு பக்கத்தையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தாள். நான் பில் போட்டேன். தப்பாகப் போட்டு, கிழித்து, மறுபடி போட்டேன்.

அப்போதுதான் தங்கையின் குரல் காதில் விழுந்தது.

"குச்சி தொலைஞ்சுபோச்சுன்னா தனியாக் கெடைக்குமாக்கா?"

"கெடைக்கும்" என்றார் அக்கா. "கீழ நெறைய இருக்கு."

நான் பில்லைக் கிழித்துக்கொண்டு நிமிர்வதற்குள் தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். அக்கா கீழே இறங்கவில்லை. சிந்தின குச்சி ஒன்றைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.

"ஏய், அவ இப்ப சொன்னா பாரு" என்றார் மெதுவாக. "கடையில இருக்கறவங்கள எல்லாரும் சொல்லுவாங்களே, அந்த அக்காவா?"

"இல்லக்கா. உங்களத்தான் சொன்னா."

"நீ அவ மூஞ்சியப் பாத்தியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பில்லப் பாத்துட்டிருந்தேன்கா" என்றேன்.

"நானும் நிமிரல" என்றார் அக்கா. "மீனையே பாத்துட்டிருந்துட்டேன்."