டாக்டர் பிலோமினா போட மறுத்த எண்

டாக்டர் பிலோமினா இறந்த செய்தி வந்தபோது நான் சுபாங் ஜெயா பாசாரில் மீன்கடை முன்னால் நின்றிருந்தேன். எங்கள் ஸ்கேன் நிலையத்தின் வரவேற்பில் வேலை செய்யும் மாலதிதான் கூப்பிட்டாள். "அக்கா, டாக்டர் போயிட்டாங்க லா. காலையில எழும்பவே இல்லையாம். கிள்ளான்ல, வீட்டுலயே" என்றாள். மீன்காரர் வெட்டவா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெட்டச் சொன்னேன். பிறகு வாங்காமலேயே நடந்து வந்துவிட்டேன்.

வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் மேனேஜர் வாட்ஸாப் குழுவில் டாக்டரின் படத்தைப் போட்டிருந்தார். படத்தைச் சுற்றி வெள்ளைப் பூக்கள், கீழே நிலையத்தின் சின்னம், அதற்கும் கீழே முன்பதிவு செய்ய அழைக்க வேண்டிய எண். அழுகை வரவேண்டிய நேரத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். டாக்டர் போய்வந்த பிரிக்பீல்ட்ஸ் மாதாகோயில் வெளியிடும் நினைவு மலருக்காக அவரைப் பற்றி இனிமையாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அவரை அறிந்தவர்களே, மன்னியுங்கள், இது இனிமையாக வராது.

அவர் ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர். நான் ஸ்கேன் கருவியை நோயாளியின் உடம்பில் வைத்துப் படம் பிடிப்பவள். பல வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம். ரயில்வே குடும்பத்தில் பிறந்து பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வெரோனிக்காவோடு கிள்ளானில் இருந்தார். சாந்தமானவர் என்று அஞ்சலிக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பச்சைப் பொய். வாயைத் திறந்தால் சுள்ளென்று விழும். அவசரமாக எடுத்த படம், ஜெல்லைத் துடைக்காமல் நோயாளியை அனுப்புவது, மதியச் சாப்பாட்டில் சாம்பாரைத் தண்ணீராக்கிய கடை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சொல்தான் இருந்தது. "அசிங்கம்!"

சிறுநீரகத்தின் கெட்டித்தன்மையை அளக்கும் வசதியுள்ள புது ஸ்கேன் கருவி எங்கள் நிலையத்துக்கு வந்தபோது, என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டது அவர்தான். கருவி ஒலியாலேயே திசுவை மெல்லத் தள்ளும். உள்ளே ஓர் அலை ஓடும். கெட்டியான திசுவில் அலை வேகமாக ஓடும், மெத்தென்ற திசுவில் மெதுவாக ஓடும். அந்த வேகத்தை வைத்துத் திரையில் ஓர் எண்ணும் ஒரு நிறமும் வரும், மெத்தென்றால் நீலம், கெட்டியென்றால் சிவப்பு. நோயால் தழும்பு விழுந்த சிறுநீரகம் கெட்டிப்படும் என்பதால், ஊசி குத்திச் சதை எடுக்காமலே அதைக் கண்டுபிடிக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. டாக்டருக்கும் இருந்தது. முதல் வாரம் முழுக்க என்னைப் படுக்கவைத்து என் சிறுநீரகத்தையே அளந்து பார்த்தார்.

அளக்க அளக்கத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. சிறுநீரகம் முதுகுப்பக்கம் ஆழத்தில் இருக்கிறது, மூச்சுக்கு மூச்சு நகர்கிறது. கருவியைக் கொஞ்சம் சாய்த்தால் ஓர் எண், நேராக வைத்தால் வேறோர் எண். நான் ஒரு நாள் படம் தெளிவாக வரட்டும் என்று பலமாக அழுத்தினேன், எண் ஏறிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார். "கலா, கையை லேசா வை. நீ அழுத்துனா அவங்க கிட்னிய அளக்கலே, உன் பலத்ததான் அளக்குறே" என்றார். நோயாளி சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

அதற்காக அவர் கருவியை வெறுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா கொடுத்த சிறுநீரகத்தை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு வாழும் ஓர் ஆசிரியை எங்களிடம் வருவார். மாற்றி வைத்த சிறுநீரகம் தோலுக்குக் கீழேயே இருக்கும், அளப்பது சுலபம். ஒவ்வொரு முறையும் டாக்டர் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அளப்பார். எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவந்தால்தான் எழுதுவார். எழுதினாலும் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் இதைப் பார்க்கவேண்டும் என்று கீழே ஒரு வரி சேர்ப்பார். ஒத்துவராத நாளில் அளக்க முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அந்த வரிதான் மேனேஜருக்கு ஆகவில்லை. அவர் அதற்குள் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு விளம்பரம் வைத்திருந்தார். நீலச் சிறுநீரகம் சிரித்தது, சிவப்புச் சிறுநீரகம் அழுதது. நிஜமாகவே அவற்றுக்குக் கண்ணும் வாயும் வரைந்திருந்தார்கள். "டாக்டர், ஒரு நம்பர் போட்டுக் குடுங்க லா. நம்பர் பார்த்தாதான் கஸ்டமருக்கு ஹேப்பி" என்று கெஞ்சினார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "உங்க அம்மாவுக்கு இப்படி ஒரு நம்பர் போட்டுக் குடுத்தா வாங்கிக்குவீங்களா?" என்று கேட்டார். மேனேஜர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைப்பேசியைப் பார்த்தபடி, "அம்மாவும் புக் பண்ணியிருக்காங்க டாக்டர்" என்றார்.

அடுத்த வாரமே டாக்டரை அந்தக் கருவியிலிருந்து எடுத்து நெஞ்சு எக்ஸ்ரே பார்க்க வைத்தார்கள். என்னை மற்ற ஸ்கேன்களுக்கு அனுப்பினார்கள். கருவி விற்றவர்கள் நடத்திய பயிற்சிக்குப் போய்வந்த ஒரு பகுதிநேர ஆள் அளந்தார். முகம் தெரியாத யாரோ ஒரு மருத்துவர் கணினியிலேயே கையெழுத்திட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடித்து, வாழையிலையில் சாப்பிட்டு, அப்படியே கிட்னியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வரிசையைப் பார்த்து மேனேஜர் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். அவர் நின்ற இடத்தைக் கடந்துபோகவே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

அப்படி வந்தவர்தான் பந்திங் முனியாண்டி அண்ணன். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு லோரி ஓட்டியவர், நெடுநாள் சர்க்கரை நோயாளி. ரத்தப் பரிசோதனை சரியில்லை, சிறுநீரக மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்று அரசாங்க கிளினிக்கில் அவருக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் நிலையத்தில் அவருக்கு நீலம் வந்தது. மெத்தென்று இருக்கிறது, நல்ல நிலை என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடைகடையாகக் காட்டியிருக்கிறார். அரசாங்க மருத்துவமனைக்குப் போகவில்லை.

சில மாதம் கழித்து முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்க, அதே படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டாக்டரம்மா, ப்ளூ கலர்தானே வந்துச்சு? அப்புறம் ஏன் இப்படி?" என்றார். டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணே, கிட்னி ரொம்பக் கெட்டுப்போனா அதுக்குப் போற ரத்தம் கொறையும். ரத்தம் கொறைஞ்சா, தழும்பு இருந்தாலும் இந்த மெஷின் சில நேரம் மெத்துன்னு காட்டிடும். ப்ளூன்னா நல்லதுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்" என்றார். சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டு போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நம்ம ஆளுங்க லா கலா. நம்ம கோயிலுக்கு வர்றவங்க, நம்ம தமிழ்ல பேசி நம்பவெச்சிருக்கோம்" என்றார். பிறகு தன் காரிலேயே முனியாண்டி அண்ணனைப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அண்ணன் இன்று வாரம் மூன்று முறை கிள்ளானில் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறார். லோரி ஓட்டுவதில்லை.

அடக்கம் முடிந்து மாதாகோயில் மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். மேனேஜர் கறுப்புச் சட்டையில் வந்து உருகி உருகிப் பேசினார். கடைசியில், டாக்டரின் கனவை நிறைவேற்றப் போவதாகவும், சிறுநீரகக் கெட்டித்தன்மைப் பரிசோதனைக்கு இனி அவர் பெயரையே வைக்கப் போவதாகவும் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு எதுவும் தெரியாது. செத்துப்போனவர் திரும்பி வந்து மறுக்கமாட்டார் என்ற தைரியத்தில் அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தேநீர் நேரத்தில் மேனேஜர் வெரோனிக்கா அக்காவிடம் வந்தார். பெயரையும் படத்தையும் பயன்படுத்தக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். தாளை மேசையில் வைத்தார், பேனாவையும் திறந்து கொடுத்தார். "சும்மா ஒரு சைன் மட்டும், ஆன்டி. அவங்க பேரு நெலச்சு நிக்கும்" என்றார். அக்காவிடம் டாக்டர் வேலை விஷயம் எதையும் சொன்னதில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கலா, நீதானே அவகூட இருந்தே. நல்ல காரியம்தானே? போடட்டுமா?"

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் சம்பளம் அவர் கையில். வீட்டுக் கடன், மகளின் படிப்பு, எல்லாம் அவருக்குத் தெரியும்.

"வேணாம்" என்றேன்.

அக்கா திகைத்துப்போனார். "ஏன், அந்த டெஸ்ட் தப்பா?" என்று கேட்டார். பதிலை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அஞ்சலிக்கு வந்து எதிரில் உட்கார்ந்திருந்த முனியாண்டி அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டி, ரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏற்றும் இடத்தை அக்கா முன் நீட்டினார். "தொட்டுப் பாருங்க அக்கா. எனக்கு நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்புனாங்க. உங்க தங்கச்சி மட்டும்தான் பொய்னு சொன்னாங்க" என்றார். புடைத்த நரம்பின்மேல் அக்கா விரலை வைத்தார். உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரிந்திருக்கவேண்டும், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பேனாவை மூடி மேனேஜரிடமே கொடுத்தார்.

பரிசோதனை நிற்கவில்லை. வேறொரு பெயரில் நடக்கிறது, நீலச் சிறுநீரகம் இன்னும் வாசலில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. நான் அங்கே இல்லை, வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். டாக்டரின் பெயர் மட்டும் அந்த விளம்பரத்தில் இல்லை. அவருக்காக எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

இந்த ஊரில் நாம் யாரிடமும் மறுப்பை மறுப்பாகச் சொல்வதில்லை. முடியாது என்று சொன்னதும் 'சாரி லா' என்று ஒரு வால் ஒட்டிவிடுவோம், முகம் கோணாமல் இருக்கச் சிரித்தும் வைப்போம். டாக்டர் பிலோமினா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அன்று அந்த மேசையில் நானும் செய்யவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.