அளந்தது நிலத்தை மட்டும்

என் மனைவியை நான் ஏமாற்றினேன். ஒருநாள் அல்ல... இந்த வீட்டை வாங்கியதிலிருந்து ஒவ்வொரு நாளும்!

உத்திரமேரூரில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனமான மெட்ராஸ் ஒட்டுக் கூரை, அதைத் தாங்கிக் கூடத்தின் குறுக்கே நீண்ட தேக்கு உத்திரம். பார்த்தவுடன் என் கால் தரையில் பாவவில்லை! காலமெல்லாம் வாடகைக்குக் குடியிருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

"பழைய வூடுங்க. நல்லா சர்வே பண்ணிட்டு வாங்குங்க" என்றாள் மல்லிகா.

அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா? சுவர், கூரை, மரம் எல்லாவற்றையும் ஓர் இன்ஜினியரை வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஆனால் நம் ஊரில் சர்வே என்றால் நிலத்தை அளப்பதுதானே! அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சர்வேயர் வந்தார், அளந்தார், நான்கு மூலையிலும் கல் நட்டார். ஓர் அங்குலம் பிசகில்லை!

இன்ஜினியரை ஏன் அழைக்கவில்லை? ஏனென்றால்... உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் மண் கோடு ஒன்று ஓடுவதை முன்பே பார்த்துவிட்டேன். கரையான்! ஏணி வைத்து ஏறி நானே அதைத் துடைத்தேன். வாங்காதே என்று அவர் சொல்லிவிட்டால்?

"சர்வே ஆச்சா?"

"ஆச்சு. எல்லாம் ஜோரா கீது!"

பொய்யா அது? சர்வேயர் நிலத்தை அளந்தார். நான் மல்லிகாவிடம் அளந்தேன்.

இன்று அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது.

இப்போது பேரன் பிறந்திருக்கிறான்! நாளை மகள் குழந்தையோடு வருகிறாள். வீடே அமர்க்களப்படுகிறது, நானும் துள்ளுகிறேன்... மல்லிகா பழைய புடவை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டாள், உத்திரத்தில் தூளி கட்ட!

வாலாஜாபாத்துக்கு ஓடினேன். ஸ்டாண்டு வைத்த இரும்புத் தொட்டிலோடு திரும்பினேன்.

"இவ்ளோ கெட்டியா உத்திரம் கீது, இது இன்னாத்துக்கு? சர்வே பண்ணித்தான வாங்குனீங்க!" என்று சிரித்தாள்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது! வாயைத் திறந்தேன்...

"தூளில முதுகு வளைஞ்சிடுமாம். டாக்டருங்க சொல்றாங்க."

மறுபடியும் அளந்தேன்! அவள் நம்பினாள். தொட்டிலை இழுத்துக்கொண்டு போனாள். ஃபேன் காற்று நன்றாக வருமென்று, நேராக உத்திரத்தின் கீழே வைத்தாள்.

"இங்க கரெக்டா கீதா, பாருங்க."

உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.